கோணவாய்க் குளிர்காலம்

மந்திர் மார்க் பள்ளிக்கூடத்தில் என்னோடு பெஞ்சு தேய்த்தவர்களே, இப்போது வாட்ஸ்அப் குழுவில் காலையில் பிள்ளையார் படமும் மாலையில் சர்க்கரை அளவும் போடுகிறவர்களே, போன வாரம் என்னை ஆபீஸிலிருந்து ஆம்புலன்ஸில் ஏற்றிய கதையைத் தப்புத் தப்பாகப் பரப்பிக்கொண்டிருக்கிறீர்கள். நடந்தது இதுதான். மீட்டிங் நடுவில் என் இடது கை மரத்துப்போனது. உடனே எழுந்து நின்று எல்லார் முன்னாலும் ஈயென்று இளித்தேன். இரண்டு கையையும் மேலே தூக்கினேன். "இன்று செவ்வாய்க்கிழமை, நான் மயூர் விஹாரில் குடியிருக்கிறேன்" என்று உரக்கச் சொன்னேன். பக்கவாதம் வந்தவனுக்கு இளிக்க வராது, கை தூக்க வராது, பேச்சு குழறும் என்று உங்களில் ஒருத்தன்தானே போட்டிருந்தான், அந்தப் பரிசோதனை. என் மேலதிகாரி சின்னப் பெண். நான் வேலையை விடுகிறேன் என்று நினைத்து அவள் முகம் கொஞ்சம் மலர்ந்ததை நான் கவனிக்கத் தவறவில்லை. தரையில் நீட்டிப் படுத்த பிறகுதான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு பொடியன் டாக்டர் என்னை மூன்று மிஷின்களுக்குள் நுழைத்து எடுத்துவிட்டு, "அங்கிள், கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தீர்களா?" என்று கேட்டான். ஆமாம். மீட்டிங் ரூமில் ஏ.சி. குளிர்.

சிரித்து முடித்தாயிற்றா. இனி விஷயத்துக்கு வருகிறேன். ஏழாம் வகுப்புக் குளிர்காலத்தில் நான் தாடையைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொண்டு வந்ததும், நீங்கள் எல்லாரும் என்னைப் 'பல்வலி' என்று கூப்பிட்டதும் நினைவிருக்கும். எனக்குப் பல்வலி இல்லை. வாய் கோணிவிடாமல் இருக்கக் கட்டியிருந்தேன். தூங்கும்போதும் அவிழ்ப்பதில்லை.

என் அப்பா ஒரு அமைச்சகத்தில் அசிஸ்டென்ட். குளிர்காலத்தில் தில்லி சர்க்கார் ஊழியன் எப்படி வேலை செய்வான் என்பது உங்களுக்குத் தெரியும், உங்கள் அப்பாக்களும் அதே புல்வெளியில்தான் கிடந்தார்கள். மதியம் டிபன் டப்பாவோடு கீழே வந்தால் வெயில் கட்டடத்துக்குப் பின்னால் போகும்வரை யாரும் மேலே ஏறுவதில்லை. விரிப்பில் சீட்டாட்டம், வேர்க்கடலை, ஆரஞ்சு. பெண்கள் ஒரு பக்கம் ஸ்வெட்டர் பின்னுவார்கள். புல்லெல்லாம் கடலைத் தொலியும் ஆரஞ்சு வாசனையுமாக இருக்கும். அங்கே என் அப்பாதான் நட்சத்திரம். அவர் யாரைப் பார்த்தாலும் அப்படியே நடித்துக் காட்டுவார். கேன்டீன்காரன், லிஃப்ட்காரன், மந்திரியின் மைத்துனன், யாரும் தப்பியதில்லை.

அவருடைய உச்சகட்ட ஐட்டம், இரண்டாம் மாடி அதிகாரி. அப்பாவின் செக்‌ஷனுக்கு மேல் இருந்தவர். சின்ன வயதில் ஏதோ நரம்புக் கோளாறு வந்து, அவருக்கு வாய் இடது பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். வலது கன்னம் தொங்கும். அது தெரியாமலிருக்க எப்போதும் கன்னத்தில் கையை முட்டுக்கொடுத்துக்கொண்டே உட்காருவார், பேசுவார், கையெழுத்துப் போடுவார். அவர் அறை ஜன்னலுக்கு நேர் கீழேதான் அந்தப் புல்வெளி. அப்பாவின் நண்பர், நாங்கள் பஞ்சாபி அங்கிள் என்று கூப்பிட்டவர், எழுந்து நின்று, "பாயியோ, அடுத்தது சாஹிப்" என்று அறிவிப்பார். அப்பா வாயை இடப்பக்கம் இழுத்து, கன்னத்தில் கை வைத்து, 'இந்த ஃபைல் ஏன் இன்னும் வரலை' என்று ஆரம்பித்தால் ஸ்வெட்டர் ஊசிகள் நின்றுவிடும்.

அந்த ஜனவரி மதியமும் அப்பா வாயை இடப்பக்கம் இழுத்தார். அறிவிப்பே இல்லாமல் இழுத்தார். கையில் இருந்த ஆரஞ்சுச் சுளை கீழே விழுந்தது. ஜனங்கள் சிரித்தார்கள். எச்சில் ஒழுகியது. "இன்னிக்கு எச்சில்கூட விடறான் பாரு தோஸ்த், என்னா கலைஞன்" என்றார் பஞ்சாபி அங்கிள். அப்பா ஏதோ சொல்லப் பார்த்துக் குழறினார். கைதட்டினார்கள். அப்பா பக்கவாட்டில் சாய்ந்து புல்லில் விழுந்தார். அதிகாரி நாற்காலியில் தூங்கி விழுவார் என்று எல்லாருக்கும் தெரியுமாதலால், அதற்குத்தான் அதிகமாகச் சிரித்தார்கள். பிறகு சீட்டுக்குத் திரும்பினார்கள். யாரோ விளையாட்டாக அப்பாவின் சட்டைமேல் கடலைத் தொலியை வரிசையாக அடுக்கினார்கள். நிழல் வந்து, விரிப்பை மடிக்கும்போதுதான் அவர் கால்சட்டை நனைந்திருப்பதைப் பார்த்தார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பஞ்சாபி அங்கிள் பிறகு எங்கள் வீட்டில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னார். அம்மாவுக்கு இந்தி காய்கறிக்கடை அளவுதான். நான் வரிக்கு வரி தமிழில் சொல்லவேண்டியிருந்தது. 'தொலியை அடுக்கினார்கள்' என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், என்னைக் காறித் துப்புவதற்கு முன்னால்.

அன்று மாலை பஞ்சாபி அங்கிள் அப்பாவை ஆட்டோவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவரும் இன்னொருத்தரும் தோளுக்கு ஒருவராகப் பிடித்து மாடி ஏற்றினார்கள். தொங்கும் தலை, குழறும் வாய், நனைந்த கால்சட்டை, பக்கத்தில் பஞ்சாபி அங்கிள். என் அம்மா திருநெல்வேலிக்காரி. சைவக் குடும்பம். அவள் ஒரு நொடியில் முடிவுக்கு வந்துவிட்டாள்.

"பட்டப் பகல்லயே ஊத்திக்கிட்டு வந்திருக்கீயளே, வெக்கமா இல்ல? இந்தப் பஞ்சாபியோட சேராதீயன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"பாபிஜி, இவனுக்கு உடம்பு..." என்றார் அங்கிள்.

"நீங்க போங்க. ஜாவோ."

அப்பாவின் வாயில் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரை ஊற்றினாள். அது அப்படியே வெளியே வந்தது. குளியலறையில் உட்காரவைத்து, ஜனவரிக் குழாய்த் தண்ணீரை வாளியோடு தலையில் கவிழ்த்தாள். அப்பா நடுங்கினார். நடுங்கியதும் பாதி உடம்புதான், அதை யாரும் கவனிக்கவில்லை. நான் வாசலில் துண்டோடு நின்றேன்.

"இனிமே தொடுவீயளா? சொல்லுங்க, தொடுவீயளா?"

அப்பா வெகுநேரம் முயன்று, தெளிவாக, அழகாக, கோணல் வாயிலிருந்து சொன்னார்: "ஹோ ஜாயேகா."

ஆகிவிடும். தில்லியில் சர்க்கார் நாற்காலியில் உட்கார்ந்தவன் கவுன்ட்டருக்கு எதிரே நிற்கிறவனிடம் சொல்கிற வார்த்தை. பென்ஷனா, ஹோ ஜாயேகா. ரேஷன் கார்டா, ஹோ ஜாயேகா. அப்பா தன் சர்வீஸில் அதை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாரோ, மூளையில் ரத்தம் அடைத்து மற்ற எல்லாம் போனபோது அது மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் டாக்டர், வலது கை வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன என்றார். பேசுவதெல்லாம் அவருக்குப் புரியும், திருப்பிச் சொல்லத்தான் வராது என்றார். நேற்றே ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் இந்தியில், "குளிர் காற்று பட்டுவிட்டது என்று நினைத்தோம்" என்றேன். அந்தப் பொய் நன்றாக இருந்ததால் அதையே எல்லாரிடமும் சொன்னோம், உங்களிடமும்.

எங்களுக்கு இருந்த ஒரே கவலை குவார்ட்டர்ஸ். சரோஜினி நகரில் இரண்டு அறை, முன்னால் ஒரு கொய்யா மரம். அப்பாவுக்கு லீவு முடியும்போது அவர் போய் ஆபீஸில் நின்று, இரண்டாம் மாடி அதிகாரி 'இவன் வேலைக்கு லாயக்கு' என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். லாயக்கில்லை என்று அவர் எழுதிவிட்டால் மெடிக்கல் போர்டு, பிறகு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். ஊரில் எங்களுக்கென்று ஒரு கூரையும் கிடையாது. ஆக, எங்கள் தலையெழுத்து, அப்பா இத்தனை வருஷமாக வாயை இழுத்துக் காட்டிய அந்த மனிதரிடம் போய் நின்றது.

வீட்டுக்காகக் காத்திருக்கும் வரிசையில் அடுத்து இருந்த குமாஸ்தா நலம் விசாரிக்க வந்தார். அவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கியபோது, அவர் மனைவி எங்கள் ஜன்னலைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தாள். "இங்க திரை எத்தனை மீட்டர் ஆகும் பேட்டா?" என்று என்னிடமே கேட்டாள். நானும் மரியாதையாகச் சொன்னேன்.

அப்பாவைத் தயார் செய்ய ஆரம்பித்தோம். பயிற்சி கொடுக்க வந்தவர் கன்னத்துக்குப் பலம் வர பலூன் ஊதச் சொன்னார். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளமும் நல்லெண்ணெயும் வாங்கும்போது நான் பலூனும் வாங்கி வருவேன். அப்பா ஊதினால் காற்று கோணல் வழியாக வெளியேறி, பலூன் ஒரு கொட்டாவி விட்டுச் சுருங்கும். கட்டிலுக்கு அடியில் எச்சில் காய்ந்த சிவப்பு, மஞ்சள் ரப்பர்த் துண்டுகள். அந்த ரப்பர் வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்குச் சாப்பாடு இறங்காது. பேத்தியின் பிறந்தநாளுக்கு நான் ஏன் பால்கனியில் போய் நிற்கிறேன் என்று என் மருமகளிடம் யாரும் சொல்லவேண்டாம்.

பஞ்சாபி அங்கிள் ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிப்பை ஒன்றோடு வந்தார். பை தானாக அசைந்தது.

"பாபிஜி, ஜங்லி கபூதர். காட்டுப் புறா. வாதத்துக்கு இதைவிட மருந்து கிடையாது. ரத்தத்தை இளஞ்சூட்டோட கன்னத்துல தடவணும், கறியை சூப் வைக்கணும். எங்க சித்தப்பா இதுலதான் எழுந்தார்."

நான் மொழிபெயர்த்தேன். அம்மா சுவரில் இருந்த முருகனைப் பார்த்தாள். வெங்காயம் நறுக்கின கத்தியையே பூஜை நாளில் தனியாக வைக்கிற வீடு அது.

"நம்ம வீட்டுப் பாத்திரத்துல வேண்டாம்னு சொல்லு" என்றாள்.

கொய்யா மரத்தடியில் நான் புறாவைப் பிடித்துக்கொள்ள, அங்கிள் காரியத்தை முடித்தார். என் உள்ளங்கையில் அதன் நெஞ்சு கடிகாரம் மாதிரி ஓடி நின்றது. அப்பாவின் கன்னத்தில் தடவினோம். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ரத்தம் காய்ந்து இழுத்தபோது, "இழுக்குது பாருங்க, வேலை செய்யுது" என்றார் அங்கிள். கடன் வாங்கின பாத்திரத்தில் வைத்த சூப்பை, பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாத மனிதர் வாயில் அம்மா மூக்கைத் திருப்பிக்கொண்டு ஊட்டினாள். இறங்குமா என்று அங்கிள் கேட்டார். அப்பா சொன்னார், "ஹோ ஜாயேகா." அங்கிள் அன்றைக்கெல்லாம் சந்தோஷமாக இருந்தார்.

அந்த வாரம் அம்மாவின் அண்ணன் வந்தார், என் மாமா. மயூர் விஹாரில் சொஸைட்டி ஃப்ளாட்டுக்குப் பெயர் கொடுத்திருந்தவர், ஆகவே எங்கள் குடும்பத்தில் அறிவாளி. உப்புமா தின்று, காபி குடித்து, ஏப்பம் விட்டு, வயிற்றை மேலிருந்து கீழாக ஒரு தடவு தடவினார். அது அவர் பேச ஆரம்பிப்பதற்கு முன் செய்கிற சடங்கு.

"தங்கச்சி, நான் சொல்லுதேன்னு தப்பா நினைக்காத. அந்தக் கோணவாயன் மாப்ளைய வேலைக்கு எடுக்கமாட்டான். வெளிய அனுப்பிட்டா உனக்கு ஒண்ணும் மிஞ்சாது. ஆனா சர்வீஸ்ல இருக்கும்போதே ஒண்ணு ஆயிட்டுன்னு வையி, பையனுக்கு வேலை நிச்சயம். வயசு வாரவரைக்கும் காத்திருப்பான் சர்க்கார்க்காரன். லீவு முடியதுக்குள்ள ஆனா எல்லாருக்கும் நல்லது."

அப்பா இரண்டடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேசவராதவருக்குக் காதும் கேட்காது என்பது மாமாவின் கணக்கு. டாக்டர் சொன்னதை நான்தான் அம்மாவிடம் சொல்லியிருந்தேன், அவளுக்குத் தெரியும். மாமாவை வெளியே போ என்று சொல்லுவாள் என்று காத்திருந்தேன்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்கண்ணே" என்றாள்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகவாயைக் கொஞ்சம் உயர்த்தி, பாதி இமையைத் தாழ்த்தி, இடது கையால் வயிற்றை மேலிருந்து கீழாக ஒரு தடவு தடவினார். பாதி முகத்தில் மாமா முழுசாக உட்கார்ந்திருந்தார். நான் வெடித்துச் சிரித்தேன். மாமா என் கன்னத்தில் ஒன்று வைத்தார்.

"அப்பன் கிடக்க கிடையில சிரிப்பாணி வருது மூதிக்கு."

அம்மா அப்பாவின் கையைப் பார்த்துவிட்டு, "வயித்தத் தடவுதாவ பாருங்க, பசிக்கி போல" என்று சொல்லி இன்னொரு கரண்டி உப்புமா கொண்டுவந்து வாயில் திணித்தாள். வாயோரமாகப் பாதி வழிந்தது. அப்பா என்னைப் பார்த்தார். அவருடைய கடைசி ரசிகன் கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றான்.

லீவு முடிந்து அவர் சேரவேண்டிய நாள் வந்தது. அம்மா அவருக்கு ஷேவ் செய்து, கோட்டுப் போட்டு, டை கட்டத் தெரியாமல் மஃப்ளர் சுற்றினாள். வாய் மறையும்படி உயர்த்திச் சுற்றினாள். நான் கைத்தடிப் பக்கம், அம்மா விழுந்த கை பக்கம். இரண்டாம் மாடிக்கு லிஃப்ட் வேலை செய்யவில்லை. படிகளில் குனிந்து அவர் வலது காலை ஒவ்வொரு படியாக எடுத்துவைத்தவன் நான். செக்‌ஷனே எழுந்து பின்னால் வந்து அதிகாரியின் கதவருகில் குவிந்தது.

அதிகாரி கன்னத்தில் கை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். அவரை அன்றுதான் முதலில் பார்த்தேன். அப்பாவின் நடிப்பில் அதுவரை பார்த்ததைவிடச் சுமாராகத்தான் இருந்தார்.

"ஃபைல் பார்க்க முடியுமா?" என்று கேட்டார்.

"ஹோ ஜாயேகா."

"இடது கையால எழுதறது?"

"ஹோ ஜாயேகா."

"அச்சா. இந்த ஆபீஸ்ல பாதிப் பேர் இதைத்தான் சொல்றான், அவனுக்கெல்லாம் ஒரு நோயும் இல்லை." அதிகாரி மஃப்ளரைச் சுட்டினார். "அதை எடு."

எடுத்தேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அதிகாரி என்னிடம் திரும்பினார்.

"பேட்டா, உன் அப்பன் கீழே புல்வெளியில என்ன பண்ணுவான் தெரியுமா? எனக்குத் தெரியும். ஒவ்வொரு குளிர்காலமும் இந்த ஜன்னல்ல நின்னு பார்த்திருக்கேன். அன்னிக்கும் பார்த்தேன். எச்சில் விட்டான், விழுந்து உருண்டான். இன்னிக்கு ரொம்பத்தான் போறான்னு ஜன்னலைச் சாத்திட்டேன்." பிறகு அப்பாவிடம், "கீழே எல்லாருக்கும் செஞ்சியே. எனக்கு ஒரு தடவை செய். எதிர்ல நின்னு. செஞ்சா சேர்த்துக்கறேன்."

"என்னல சொல்லுதாரு?" என்றாள் அம்மா.

என் கை, கால், வாய் எல்லாம் சேர்ந்து மரத்துப்போனது. அன்று எனக்கு எந்தப் பரிசோதனை வைத்திருந்தாலும் தோற்றிருப்பேன்.

அப்பா தலையை ஆட்டினார், முடியாது என்று. நான் யாரையும் பரிகாசம் செய்யவில்லை, இது என் முகம் என்று காட்ட நினைத்தார் போல. வாயை நேராக்கப் பார்த்தார். அது இன்னும் இடப்பக்கம் போனது. கடைசியில் இடது கையைத் தூக்கி, தொங்குகிற வலது கன்னத்துக்குக் கீழே கொடுத்து, மேலே தள்ளி, வாயை ஒரு மட்டத்துக்குக் கொண்டுவந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

கன்னத்தில் கை. எதிரே நாற்காலியில் கன்னத்தில் கை.

கதவருகில் முதலில் சிரித்தது பஞ்சாபி அங்கிள். வாயைப் பொத்திக்கொண்டும் வந்துவிட்டது. பிறகு எல்லாரும். நானும். அப்பா வாழ்நாளில் அவ்வளவு கச்சிதமாக அதைச் செய்ததில்லை, அவர் செய்யாதபோதுதான் அது அமைந்தது.

அதிகாரி சிரிப்பு ஓயும்வரை காத்திருந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். காகிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"லாயக்குத்தான். இவன் மேஜையை இங்க, என் அறைக்குள்ள கொண்டுவந்து போடச் சொல்றேன், எனக்குப் பக்கத்துல. வேலை ஒண்ணும் செய்யவேண்டாம். உட்கார்ந்தா போதும்." என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார், வாத்தியார் மாதிரி: "இன்னிக்குச் சிரிச்சாங்க. நாளைக்குக் கொஞ்சம் கம்மியா சிரிப்பாங்க. ஒரு வாரத்துல இந்த மூஞ்சியைப் பார்த்தா எவனுக்கும் சிரிப்பு வராது, அவனவனுக்குத் தன் ரத்த அழுத்தம் ஞாபகம் வரும். அதுக்கு உன் அப்பன் எனக்குப் பக்கத்துல இருக்கணும். புரியுதா?"

புரிந்தது. அம்மா என் தோளை இடித்தாள்.

"பக்கத்துலயே வச்சுப் பாத்துக்கிடுதேன்னு சொல்லுதாரும்மா" என்றேன்.

அம்மா அழுதுகொண்டே அவர் காலைத் தொட்டாள். "இந்த மனுசனப் போயா கேலி பண்ணுனீய" என்று அப்பாவைக் கேட்டாள்.

ஹோலிக்கு முந்தின வாரம் நமக்கு அரைநாள் பள்ளி. நான் பஸ் பிடித்து அப்பாவின் ஆபீஸுக்குப் போனேன். புல்வெளியில் கடைசி நல்ல வெயில். பஞ்சாபி அங்கிள் என் கையில் கடலையைக் கொட்டினார். சீட்டு நடந்துகொண்டிருந்தது, ஆனால் எல்லாரும் மேலே பார்க்காமலிருக்கக் கழுத்தைக் கஷ்டப்பட்டுக் குனிந்து வைத்திருந்தார்கள். நான் பார்த்தேன். இரண்டாம் மாடி ஜன்னலில், அடுத்தடுத்து, ஒரே பக்கமாக இழுத்த இரண்டு வாய்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"சலோ, இங்க வெயில் அதிகம்" என்றார் அங்கிள். விரிப்பை மடித்தார்கள். பின்னிக்கொண்டிருந்த பெண்களும் எழுந்தார்கள். கட்டடத்துக்குப் பின்புறம், வெயிலே படாத சுவரோரமாகப் போய் உட்கார்ந்தார்கள்.

நான் மட்டும் நடுவில் நின்றேன். அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கடலை சிந்தச் சிரித்தேன். அப்பா பார்த்தார். இடது கையை நீட்டி ஜன்னல் திரையைப் பிடித்து இழுத்தார். ஒரு கையால் அது பாதிவரைதான் வந்தது, அவர் நின்ற பாதி. அவர் அதற்குப் பின்னால் போய்விட்டார்.

திறந்த பாதியில் அதிகாரி, கன்னத்தில் கை வைக்காமல், வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.